வீட்டில் பீடி சுற்றுகிறவர் கணக்கில் வேலை செய்கிறவரா?

குடியாத்தம் பக்கம் ஒரு திண்ணை. அக்காவின் மடியில் முறம். நனைத்து வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்குகிறார். கண் என் மேல், விரல் வேலை மேல். “வேலைக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டேன். “வேல எல்லாம் ஒண்ணும் இல்லம்மா, வூட்லதான் கீறேன்” என்றார். விரல் நிற்கவே இல்லை.

இதே பதிலை அவர் அரசுக் கணக்கெடுப்பில் சொன்னால், நாட்டில் வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கையில் இருந்து விழுந்துவிடக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெண்களில் இத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று செய்தியில் வரும் எண், தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இருந்து வருகிறது. இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி வீடு வீடாக வராது. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். 2025 ஜனவரி முதல் தேர்ந்தெடுத்த வீட்டுக்கு அடுத்தடுத்து 4 மாதம் வருகிறார்கள், மாதாமாதம் எண் வெளியாகிறது. மாவட்ட வாரியாகவே வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அப்போதுதான் வந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் பிரிந்த நம் ஊர்களுக்கு இது முக்கியம்.

கணக்கு எளிது. 15 வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களில் 38 பேர் வேலை செய்கிறார்கள், 2 பேர் வேலை தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்வோர் விகிதம் 38. தேடுகிறவர்களையும் சேர்த்த பங்கேற்பு விகிதம் 40. வேலையின்மை விகிதத்தை அந்த 40 பேரில்தான் பார்ப்பார்கள்: 2 பேர், அதாவது 5 சதவீதம். மற்ற 60 பேர் வேலையின்மைக் கணக்கிலேயே வரமாட்டார்கள். வேலையின்மை குறைவு என்று மட்டும் கேட்டுச் சந்தோஷப்பட முடியாததற்குக் காரணம் இதுதான்.

யார் அந்த 38-ல் வருவார்கள்? இதை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒரு வாரத்தை வைத்துப் பார்க்கும் கணக்கில், கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். ஓர் ஆண்டை வைத்துப் பார்க்கும் கணக்கில், முக்கிய வேலை வேறாக இருந்தாலும் 30 நாளாவது பொருளாதார வேலை செய்திருந்தால் அதையும் சேர்ப்பார்கள். ஏஜென்டிடம் இலை வாங்கி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சுற்றிக் கொடுப்பது வேலை. மாட்டுப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுவது வேலை. வீட்டுக்காரரின் கடையில் கூலி இல்லாமல் உட்காருவதும் வேலைதான். சமையல், துணி துவைப்பது, மாமியாரைப் பார்த்துக்கொள்வது மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. 2024-ன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம்.

பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. பெரிய ஏற்றம்தான். ஆனால் 2023-24-ல் வேலை செய்த பெண்களில் 36.7 சதவீதம் பேர் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர்கள். எண் ஏறியது, கைக்குக் காசு வந்ததா என்பது தனிக் கேள்வி.

கணக்கெடுப்பாளர் வரும்போது பெரும்பாலும் வீட்டில் யாராவது ஒருவர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். வீட்டுக்காரர் “அவ சும்மாதான் இருக்கா” என்று சொல்லிவிடலாம். முடிந்தால் நீங்களே பேசுங்கள். எத்தனை நாள், எவ்வளவு நேரம் சுற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2008-ன் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, இதில் சொல்லும் பதிலைப் புள்ளிவிவரத்துக்குத்தான் பயன்படுத்தலாம். பயப்படாமல் சொல்லலாம்.

இன்னொன்று. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. 1977 முதல் பீடித் தொழிலுக்கு பி.எஃப். உண்டு, வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் அது பொருந்தும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்.

இதற்கெல்லாம் ஆதாரம், வாங்கிய இலையையும் சுற்றிக் கொடுத்த பீடியையும் எழுதிவைக்கும் கணக்குப் புத்தகம். சுற்றுவது மருமகள், புத்தகம் மாமியார் பெயரில் என்றால், சலுகை கேட்கும்போது மருமகளிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்த முறை இலை வாங்கப் போகும்போது, சுற்றுகிறவர் பெயரிலேயே தனிப் புத்தகம் போடச் சொல்லிக் கேளுங்கள்.