குழந்தைக்குக் குளிரவில்லை பாட்டி, அது மூச்சு

"டாக்டரம்மா, புள்ளைக்குக் குளிருது போல. ஒரு துணி போத்தி விடுங்களேன்."

என்.ஐ.சி.யூ, அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன் கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒரு பாட்டி கேட்டார். உள்ளே அவருடைய பேரன், பிறந்து 14 மணி நேரம். நெஞ்சிலிருந்து தொடை வரை உடம்பு விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தையின் அப்பா அதை வலிப்பு என்றே முடிவு செய்துவிட்டார். இரண்டுமே இல்லை. மெஷின் கொடுக்கும் மூச்சுதான் அந்த அதிர்வு. மெஷினில் போடும் முன்பே நாங்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் நிறைமாதக் குழந்தை. 'மோஷன் குடிச்சிடுச்சு' என்பார்களே, அதுதான் பிரச்சினை. வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, பனிக்குட நீரோடு அதை நுரையீரலுக்குள் இழுத்துவிட்டான். பிசின் போன்ற அந்த மலம் மூச்சுக்குழாய்களை அடைக்கும். நுரையீரல் விரிந்து நிற்க உதவும் சர்ஃபாக்டன்டையும் கெடுக்கும்.

முதலில் சாதாரண வென்டிலேட்டர்தான் வைத்தோம். அதில் நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. விறைத்துப்போன நுரையீரலுக்கு அது போதாதபோது அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும். ஒவ்வொரு மூச்சும் நுரையீரலை வலிந்து விரித்து, மறுபடி சுருங்க விடும். அந்த இழுப்பிலேயே நுரையீரல் புண்ணாகும். சில நேரம் காற்று கிழித்துக்கொண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்துவிடும்.

அதனால் அவனை ஹை ஃப்ரீக்வென்சி வென்டிலேட்டருக்கு மாற்றினோம். அது வேறு வழியில் போகிறது. நுரையீரலை ஒரே அழுத்தத்தில் விரித்தே வைத்திருக்கும். அதன் மேல் சின்னச் சின்ன அதிர்வுகள், நொடிக்கு 10 என்றால் நிமிடத்துக்கு 600. ஓர் அதிர்வுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லி காற்று. 3 கிலோ குழந்தைக்கு 6 மில்லிதான். இவ்வளவு கொஞ்சம் எப்படிப் போதும்? வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயைப் பாருங்கள். மூச்சு சின்னது, ஆனாலும் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. வேகமான அதிர்வில் உள்ளே இருக்கும் காற்றும் புதுக் காற்றும் தாமாகவே கலந்துவிடுகின்றன.

இதில் ஆபத்தும் உண்டு. அதிர்வு அளவுக்கு மீறினால் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று இறங்கும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். "பச்சப் புள்ளைக்கு ஏன் இத்தனை தடவை ரத்தம் எடுக்கறீங்க?" என்று கோபப்படும் குடும்பங்களுக்கு என் பதில் இதுதான். எக்ஸ்ரேயும் எடுப்போம். நுரையீரல் எட்டு, ஒன்பது விலா எலும்பு அளவுக்கு விரிந்திருந்தால் சரி. அதற்கு மேல் ஊதினால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது தடைபடும்.

'பெரிய மெஷினையே முதலில் போடுங்க' என்று கேட்பவர்களும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அப்படி முதலிலேயே போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1989-இல் வெளியானது. 673 குழந்தைகள். நுரையீரலுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை, மூளையில் ரத்தக்கசிவுதான் கூடியது. பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பயமுறுத்தவில்லை. இருந்தாலும் சாதாரண வென்டிலேட்டர் கைகொடுக்காதபோது எடுக்கும் ஆயுதமாகவே நான் இதை வைத்திருக்கிறேன்.

சிறிய மருத்துவமனைகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்டிலேட்டரின் சராசரி அழுத்தம் 16, கொடுக்கும் ஆக்சிஜன் 100 சதவீதம், ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 50 என்றால் 16-ஐ 100-ஆல் பெருக்கி 50-ஆல் வகுங்கள்: 32. இந்த எண் கூடக் கூட நுரையீரலின் நிலை மோசம். 25-ஐத் தாண்டினாலே, நுரையீரலின் ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு பற்றி யோசிக்கும் கட்டம். 40 ஆகும்வரை காத்திருக்காமல் முன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். 40 ஆன பிறகு ஆம்புலன்ஸ் பயணத்தையே குழந்தை தாங்காது.

பாட்டியைக் கண்ணாடிக்கு உள்ளே கூட்டிப்போய், தொடை வரை வரும் அதிர்வைக் காட்டினேன். "இது ஆடுற வரைக்கும் காத்து போகுதுன்னு அர்த்தம். திடீர்னு நின்னா நாங்களே ஓடி வருவோம். டியூப் அடைச்சிருக்கலாம், நகர்ந்திருக்கலாம்" என்றேன்.

நான்காம் நாள் காலை பாட்டி பதறிக்கொண்டு வந்தார். "ஆட்டம் நின்னுடுச்சே டாக்டரம்மா!"

சாதாரண வென்டிலேட்டருக்கு மாற்றியிருந்தோம், அவரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டோம். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன். நெஞ்சு நிதானமாக ஏறி இறங்குவதைப் பார்த்து, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.