ஓட்டையைச் சின்னதாக்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். அண்ணா நகர், வயது 68. அப்பா வைத்திருந்த பழைய .22 வேட்டை ரைஃபிளில் பீப் சைட், அதாவது கண் பக்கம் வைத்து உள்ளே பார்த்துக் குறி பிடிக்கும் ஓட்டை வளையம், மாட்டியிருக்கிறார். முதலில் 2 மில்லிமீட்டர் ஓட்டை. சில மாதங்களில் குறி மங்கியதும் 1.5க்கு மாறினார், அப்புறம் 1. கண்ணாடி பவர் மாற்ற வந்த இடத்தில், "இதைவிடச் சின்ன ஓட்டை டிஸ்க் எங்கே கிடைக்கும் மேடம்?" என்று கேட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வலது கண்ணில் புரை முற்றிப்போயிருக்கிறது. சுடுகிற கண்ணே அதுதான். இத்தனை நாளும் டிஸ்க்கை மாற்றி மாற்றிப் புரையைக் கவனிக்காமலே விட்டிருக்கிறார்.

எழும்பூர் பக்கம் கண் பரிசோதனை செய்கிறவள் என்பதால் ரைஃபிள் கிளப் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை முடிந்த கதை. அந்தக் காலத்து ரைஃபிள்கள் இப்போது லைசென்ஸோடு ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) காகிதத்தைத்தான் சுடுகின்றன. சுடுகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பின் சைட்டின் வெட்டு, குழல் நுனியில் இருக்கும் முன் சைட், தூரத்துக் குறி என்று மூன்றும் ஒன்றாகத் தெளியாது. அதற்குப் பீப் சைட் நல்ல வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வளையத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதன் வழியாகப் பார்த்தால் போதும். முன் சைட்டைக் கண் தானாகவே நடுவில் நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் "ஓட்டை சின்னதானால் பார்வை கூர்மையாகும்" என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைத்தான் இத்தனை பேருக்குச் சொல்லியும் மாற்ற முடியவில்லை. சின்ன ஓட்டை பவர் குறைபாட்டை மட்டும்தான் மறைக்கும். நாங்களே 1.2 மில்லிமீட்டர் அளவு ஓட்டை போட்ட கறுப்புத் தகட்டைக் கண் முன் வைத்துத்தான் சோதிக்கிறோம். எழுத்து தெளிந்தால் கண்ணாடியில் சரியாகும் கோளாறு. தெளியவில்லை என்றால் புரையையோ விழித்திரையையோ சந்தேகப்படுவோம். உங்கள் பீப் சைட்டும் அதே தகடுதான். அதில் பார்த்தும் மங்கல் என்றால் கண் ஏதோ சொல்கிறது. அதை விட்டுவிட்டு இன்னும் சின்ன டிஸ்க் தேடுவது எந்த ஊர் நியாயம்?

வெளிச்சக் கணக்கையும் பாருங்கள். விட்டம் 2லிருந்து 1 ஆனால் உள்ளே வரும் ஒளி பாதியாகாது, கால் பங்காகிவிடும். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியே இருபது வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் கால் பங்கு என்றால், கூரை போட்ட ரேஞ்சில் சாயங்காலம் 5 மணிக்கு என்ன தெரியும்? 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போக ஒளி சிதறி விளிம்புகளும் மழுங்கும். புரை லென்ஸின் பின்பக்க நடுவில் இருந்தால் இன்னும் மோசம்: சின்ன ஓட்டை நேராகப் புரை வழியாகவே பார்க்க வைக்கும்.

ஆகவே பெரிய ஓட்டையில் ஆரம்பியுங்கள். பழைய வேட்டை ரைஃபிளின் முன் சைட் மணியே தடிமன். அதற்கு 2.5, 3 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். நல்ல வெயிலில் மட்டும் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். முன் சைட் கறுப்பாகத் தெரியாமல் சாம்பல் பூத்துத் தெரிகிறதா? ஒரு அளவு பின்னுக்குப் போங்கள்.

பீப் சைட் மாட்ட ரைஃபிளில் துளை போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ரேஞ்சில், அங்குள்ள பொறுப்பாளர் அனுமதியோடு, காலி ரைஃபிளைத் தோளில் வைத்துக் குறி பாருங்கள். கன்னம் கட்டையில் படிந்ததும் கண் கண்ணாடியின் நடுவில் பார்க்காது, மேல் மூலையில், மூக்குப் பக்கமாகப் பார்க்கும். அந்த இடத்தில், தடித்த ஊசியால் சின்ன ஓட்டை போட்ட கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டுங்கள். முன் சைட் தெளிந்தால் பீப் சைட் உங்களுக்கு உதவும். இல்லையென்றால் கண் டாக்டரிடம் போங்கள், கடைக்கு அல்ல.

ப்ரோக்ரெசிவ் (தூரம், கிட்டம் இரண்டுக்கும் கோடில்லாமல் செய்த) கண்ணாடியோடு சுடாதீர்கள். ஓரங்களில் அது காட்சியை இழுத்துக் காட்டும். தூரப் பார்வைப் பவரோடு +0.50 சேர்த்த ஒற்றைப் பவர் கண்ணாடி, எளிதில் உடையாத பாலிகார்பனேட்டில், லென்ஸின் மையம் நீங்கள் பார்க்கும் அந்த மூலைக்கு நேராக வரும்படி செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முன் சைட்டும் தெளியும், குறியும் ரொம்ப மங்காது. சர்க்கரை ஏறி இறங்குகிறவர்கள் அது கட்டுக்குள் வந்த பிறகு பவர் பாருங்கள். இல்லாவிட்டால் பவர் மாறிக்கொண்டே இருக்கும். பரிசோதனைக்குக் கண்ணில் மருந்து விட்ட நாளில் ரேஞ்ச் பக்கம் போகவே கூடாது.

புரை அறுவைக்கு நாள் குறித்துவிட்டீர்களா? துப்பாக்கி சுடுகிறேன், எந்தக் கண்ணால் சுடுகிறேன் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. கண்ணுக்குள் மல்டிஃபோகல் லென்ஸ் (தூரம், கிட்டம் இரண்டுக்குமானது) வைத்தால் கறுப்பு வெள்ளை வித்தியாசம் கொஞ்சம் குறையும். வைத்த பிறகு என்னிடம் வந்து வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேராக நிற்க வேண்டிய முன் சைட் கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், அன்றைக்கே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். அது சைட் கோளாறே இல்லை.

பிஸ்டோல் கிரிப்புக்கு (விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் இடம்) மேலே, கண்ணுக்கு ரொம்ப நெருக்கமாக நிற்கும் பழைய மாடல் பீப் சைட்டை .315 போன்ற உதைக்கும் ரைஃபிளில் மாட்டவே வேண்டாம். புருவம் கிழிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிசீவர் (குழலின் பின்னால் தோட்டா ஏற்றும் உலோகப் பகுதி) மேல் மாட்டுங்கள், அதையும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் மட்டும். புது சைட் உயரமாக உட்கார்ந்தால் முன் சைட்டும் உயர வேண்டும் என்பதை அவரே சொல்வார். குழல் மேலிருக்கும் பழைய வெட்டு சைட்டை மடக்கிவிடுங்கள் அல்லது கழற்றிப் பத்திரமாக வையுங்கள், இடையில் நின்று மறைக்கும்.

கண்ணாடிக்கு அளவெடுக்க வருகிறவர்களுக்கு: துப்பாக்கியைக் கிளினிக்குக்குத் தூக்கி வராதீர்கள். ரேஞ்சில் கன்னத்தை வைத்தபடி, கண்ணிலிருந்து முன் சைட் எத்தனை சென்டிமீட்டர் என்று நண்பரை விட்டு டேப்பில் அளக்கச் சொல்லி, அந்த எண்ணை மட்டும் எழுதி எடுத்து வாருங்கள்.