கருக்காமாலையா, மூளைக்காமாலையா?

போன மாதம் சிங்கப்பூரில், யீஷூனில் அக்கா மகளின் பிள்ளையைப் பார்க்கப் போனேன். பிறந்து நாலு நாள். காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்திருந்தார்கள். அவள் கையில் ஒரு துண்டுப்பிரசுரம்: "கவனிக்காவிட்டால் கருக்காமாலை ஏற்படலாம்."

"மாமா, இது வயித்துக்குள்ளயே வர்றதா? நான் எதையாவது சாப்பிட்டதாலயா?"

இந்தச் சொல்லை நான் எதிர்கொள்வது இது மூன்றாவது முறை. இனிப் பொறுப்பதற்கில்லை.

மூலச்சொல் கெர்னிக்டெரஸ்: பிலிருபின் மிகுந்து மூளையில் படிந்து அதைச் சேதப்படுத்துவது. ஜெர்மன் மொழியில் 'கெர்ன்' என்றால் கொட்டை, பருப்பு. 'இக்டெரஸ்' கிரேக்க வழி வந்த காமாலை. இறந்த சிசுக்களின் மூளையில் அடிப்பகுதி நரம்பணுத் திரள்கள் மட்டும் மஞ்சளேறி இருந்ததைக் கண்டு ஷ்மோர்ல் என்ற ஜெர்மானிய நோயியலாளர் வைத்த பெயர்.

அந்தத் திரளுக்கும் ஆங்கிலத்தில் நியூக்ளியஸ்தான். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டினார், 'கரு' கிடைத்தது, ஒட்டிவிட்டார். இயற்பியலில் அணுக்கரு சரி, உயிரணுவில் உட்கருவும் சரி. மூளையில் இருப்பது இரண்டும் அல்ல. 'கரு' என்றால் பிள்ளை பெற்றவளுக்கு நினைவுக்கு வருவது வயிறுதான். இன்னொருவர் கருமேகம், கருவிழி வரிசையில் கறுப்புக் காமாலை என்று படிப்பார். பிறந்த பிறகு சில நாளில் வருவது, நீல விளக்கொளியாலும் முற்றினால் இரத்தம் மாற்றியும் தடுக்கக்கூடியது. அதைப் பிறவி வினைபோல் ஒலிக்கவைக்கிறது இந்தச் சொல். வந்துவிட்டாலோ செவித்திறன் போகும், கை கால் தன்னிச்சையாக முறுக்கும், திருப்ப முடியாது.

மூளைக்காமாலை என்றால் என்ன குறை? மூளைக்காய்ச்சலை எல்லாருக்கும் தெரியும், அந்த வாய்ப்பாட்டிலேயே இதுவும் புரியும். நிலைத்துவிட்ட சேதத்தை மட்டும் தனித்துச் சொல்லவில்லையே என்று மருத்துவர் குறைப்பட்டால், பாடநூலில் 'காமாலை மூளைச்சேதம்' என்று எழுதிக்கொள்ளட்டும். காமாலையே வடசொல், 'மஞ்சள் நோய்' என்க என்பாரும் உண்டு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழியே ஆகிவிட்ட சொல்லை இனி எங்கே துரத்துவது?

1965 முதல் இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியின் குறைபாடு, இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அக்குறைபாடுள்ள சிசுக்களுக்கு மூளைக்காமாலை ஆபத்து கூடுதல். அதே பிரசுரத்தின் மறுபக்கத்தில், அத்தகைய பிள்ளை உள்ள வீட்டில் பாச்சை உருண்டை வேண்டாம் என்றிருந்தது. அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. அக்கா அப்போதே அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.