ஃபில்லர்: நிரப்பியா, நிரப்பூசியா?

“லிப் ஃபில்லர் போட்டிருக்காங்க” என்று நடிகைகளின் படத்துக்குக் கீழே எழுதுவது இன்று சகஜம். போட்டது என்ன என்று கேட்டால் பலரும் போடாக்ஸ் என்பார்கள். அது வேறு மருந்து. தசையைத் தளர்த்துமே தவிர எதையும் நிரப்பாது. ஃபில்லர் என்பது உதட்டுக்குள் ஊசியால் ஏற்றும் ஒரு கூழ்.

ஆங்கிலத்தில் ஃபில் என்றால் நிரப்பு. மரத்தின் விரிசலை மூடும் கலவையும் ஃபில்லர்தான். பத்திரிகைப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் போடும் துணுக்கும் ஃபில்லர்தான். அழகு சிகிச்சையில் இந்தச் சொல் முகச் சுருக்கத்தின் பள்ளத்தை நிரப்பும் பொருளைக் குறிக்கிறது. அங்கே பெயர் கச்சிதமாகப் பொருந்தும். உதட்டில் பள்ளம் ஏது? வயதாகி மெலிந்த உதட்டில், போனதை நிரப்புகிறது என்று சொல்லலாம். இளம்பெண்ணின் உதட்டில் அது நிரப்புவதில்லை, கூட்டுகிறது.

கூழின் பெயர் ஹயலுரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த கூழில் கிடைத்ததால், கண்ணாடியைக் குறிக்கும் ‘ஹயலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். தமிழில் கண்ணாடி என்ற சொல்லிலேயே கண் இருப்பது இதற்கு அழகான பொருத்தம். நம் தோலிலும் மூட்டுகளிலும் இந்தப் பொருள் இயல்பாகவே உண்டு. தண்ணீரைப் பிடித்துவைப்பது அதன் குணம். தனியாக ஏற்றினால் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்குகிறார்கள். அப்படியும் மாதக்கணக்கில்தான் தாங்கும். ரெஸ்டிலேன் என்ற தயாரிப்புக்கு அமெரிக்காவில் 2003-இல் முகச் சுருக்கத்துக்கும், 2011-இல் 21 வயது கடந்தவர்களின் உதட்டுக்கும் அனுமதி கிடைத்தது.

இனி தமிழுக்கு வருவோம். பல் சொத்தையை ‘அடைக்கிறோம்’. அந்த வழியில் ‘அடைப்பி’ எனலாமே என்று தோன்றும். வேண்டாம். இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்தே, கூழ் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதுதான். உடனே கவனித்து, ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஏற்றிக் கரைக்காவிட்டால் அந்த இடத்துச் சதை அழுகிவிடலாம். ஆபத்தின் பெயரை மருந்துக்கு வைக்கக் கூடாது. ‘இதழ் நிரப்பி’ காதுக்கு இனிமை. ஆனால் பத்திரிகைக்கும் இதழ் என்றுதான் பெயர், ஆகவே மேலே சொன்ன துணுக்குக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்! ‘அதரம்’ என்றால் வடமொழியில் கீழே உள்ளது, அதாவது கீழுதடு, மேலுதட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பேச்சில் இருக்கும் உதடே போதும்.

‘நிரப்பி’ நல்ல ஆக்கம். ஒலிபெருக்கி, சுமைதாங்கி போல, செய்யும் வேலையே பெயராகிறது. பொருளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு என் பரிந்துரை ‘நிரப்பூசி’. தடுப்பூசி என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதல்ல. அதோடு, இது ஊசி, மருத்துவர் போட வேண்டியது, புருவம் திருத்தும் இடத்தில் போட்டுக்கொள்வதல்ல என்பதையும் பெயரே சொல்லிவிடும்.

விளம்பரங்களில் கூடவே வரும் ‘நேச்சுரல் லுக்’கை ‘இயற்கை உதடு’ என்று பெயர்க்கிறார்கள். செய்வது செயற்கை, பிறகு இயற்கை எங்கிருந்து வரும்? ‘இயல்பாகத் தெரியும் உதடு’ என்பதே நேர்மை. கொஞ்சமாக ஏற்றி, வீக்கம் வடியும்வரை பொறுத்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது அதற்கான வழி. மேலுதட்டின் வில் வளைவு மழுங்கக் கூடாது. அளவு மீறினால், கேட்ட கேள்விக்கெல்லாம் ‘எனக்கென்ன தெரியும்’ என்று உதட்டைப் பிதுக்கியது போலவே முகம் நின்றுவிடும். நம் கவிஞர்கள் கொவ்வைப் பழம், பவளம், இலவ மலர் என்று உதட்டின் சிவப்பைத்தான் பாடினார்கள். பருமனை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

எழுதும் முறை: “உதட்டுக்கு நிரப்பூசி போட்டுக்கொண்டாள்.” “அரை மில்லி நிரப்பி போதும் என்றார் மருத்துவர்.”