மென்பொருள் மாறும்போது கடவுச்சொல் என்ன ஆகிறது?

ஒரு நிறுவனம் பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும்போது பெயர், முகவரி, பழைய ஆர்டர்கள் என எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொண்டுபோகலாம். கடவுச்சொல்லை மட்டும் அப்படிக் கொண்டுபோக முடியாது. ஒழுங்காக எழுதிய மென்பொருளில் அது சேமிக்கப்படுவதே இல்லை.

நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை சர்வர் ஒரு கணக்கீட்டில் போட்டு, கிடைக்கும் விடையை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்த விடைக்கு ஹாஷ் என்று பெயர். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஹாஷிலிருந்து கடவுச்சொல்லையும் அப்படித்தான். அடுத்த முறை நீங்கள் லாகின் செய்யும்போது அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டு விடைகளும் பொருந்துகின்றனவா என்று சர்வர் பார்க்கும்.

பழைய மென்பொருள்கள் பலவற்றில் எம்டி5 என்ற ஹாஷ் முறை இருந்தது. அது வேகமாக ஓடுவதற்காக உருவானது. திருடனுக்கும் வசதி அதுதான்: இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் கோடி எம்டி5 கணக்குகளைப் போட்டு, கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்துவிடும். 1999இல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியேர்ஸும் வெளியிட்ட பிகிரிப்ட், வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறை. எவ்வளவு மெதுவாக என்பதை நாமே கூட்டிக்கொள்ளலாம்.

இடமாற்றத்தில் மோதல் இங்கேதான் வருகிறது. புதிய அமைப்பில் முதல் நாளிலிருந்தே எம்டி5 இருக்கக் கூடாது என்கிறது பாதுகாப்புக் குழு. ஒருவரைக்கூட ‘கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று தடுத்து நிறுத்தக் கூடாது என்கிறது வாடிக்கையாளர் சேவைக் குழு. இரண்டு பேர் சொல்வதும் நியாயமே.

கடவுச்சொல் சர்வரின் கையில் உள்ளபடியே கிடைப்பது லாகின் நேரத்தில் மட்டும்தான். அப்போது பழைய ஹாஷோடு சரிபார்த்து, பொருந்தினால் உடனே புதிய ஹாஷ் போட்டு மாற்றிவிடலாம். ஆனால் இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவரின் எம்டி5 இரண்டு வருடமும் அப்படியே கிடக்கும். பாதுகாப்புக் குழு இதை ஏற்காது, ஏற்கவும் கூடாது.

சரி, அப்புறம் என்ன வழி? பழைய எம்டி5 விடையையே ஒரு கடவுச்சொல்லாகப் பாவித்து, அதன்மேல் பிகிரிப்டை ஓட்டலாம். இதற்கு யாருடைய கடவுச்சொல்லும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பயனருக்குக் கால் நொடி என்றால் 10 லட்சம் பயனர்களுக்கு ஒற்றை பிராசசர் கோர் சுமார் 70 மணி நேரம் எடுக்கும்; 16 கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பயனர் வரும்போது முதலில் எம்டி5, அதன்மேல் பிகிரிப்ட் எனக் கணக்கிட்டுச் சரிபார்த்து, பிறகு நேரடி பிகிரிப்ட் ஹாஷாக மாற்றிவிட வேண்டும். 2011இல் இணையதளங்களை நடத்தும் மென்பொருளான ட்ரூபலின் 7ஆம் பதிப்பு வந்தபோது இதே உத்தியைத்தான் வேறொரு மெதுவான ஹாஷை வைத்துச் செய்தார்கள். அப்படிப் போர்த்திய ஹாஷ்களின் தொடக்கத்தில் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை அடையாளமாக வைத்தார்கள்.

அந்த அடையாளம் மிக முக்கியம். அது இல்லாமல் ‘நேரடியாகப் பொருந்துகிறதா, இல்லாவிட்டால் எம்டி5 வழியாகப் பொருந்துகிறதா’ என்று இரண்டையும் முயலும் சர்வரைக் கற்பனை செய்யுங்கள். பழைய டேட்டாபேஸின் பிரதி ஒன்று எப்போதோ கசிந்திருந்தால், திருடன் அதிலுள்ள எம்டி5 விடையை அப்படியே கடவுச்சொல் பெட்டியில் ஒட்டினால் போதும், கதவு திறந்துவிடும். எந்தப் பயனருக்கு எந்த வழி என்பதை சர்வர் ஊகிக்கக் கூடாது. பதிவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பழைய ஹாஷ் வேறு மூலையில் ஒளிந்திருந்தாலும் உழைப்பெல்லாம் வீண். 2015இல் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தரவு கசிந்தபோது கடவுச்சொற்கள் பிகிரிப்டில்தான் இருந்தன. ஆனால் லாகினுக்கான இன்னொரு புலத்தில், கடவுச்சொல்லைச் சேர்த்துக் கணக்கிட்ட எம்டி5 இருந்தது. சைனோஷ்யூர் பிரைம் என்ற குழு அதன் வழியாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களைக் கண்டுபிடித்துவிட்டது.

விதிமுறைகளும் ஒன்றோடொன்று முட்டும். காரணமின்றி அவ்வப்போது கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் அறிவுறுத்தியது. கட்டண அட்டைகளுக்கான பிசிஐ தரமோ 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. வரிகளை நிதானமாகப் படித்தால் வழி கிடைக்கும்: அந்த 90 நாள் விதி, கடவுச்சொல் மட்டுமே ஒரே சான்றாக இருக்கும் இடத்துக்குத்தான், வாடிக்கையாளர்களின் சொந்தக் கணக்குகளுக்கும் அது பொருந்தாது. ஊழியர்களுக்கு, கைபேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சான்றைக் கட்டாயமாக்கினால் இரண்டு விதிகளும் நிறைவேறிவிடும்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்காமல் இடமாற்றம் செய்யவே கூடாது என்பேன். பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுகள். ‘கடவுச்சொல்’ என்ற ஒரே சொல்லுக்கு 30 பைட். அப்படி 24 குறியீடுகளில் இடம் தீர்ந்துவிடும். ஒரு முழு வரியைக் கடவுச்சொல்லாக வைத்தவர் வரியின் பின்பகுதியைத் தப்பாகத் தட்டினாலும் உள்ளே போய்விடுவார். இன்னொரு இணையதள மென்பொருளான வேர்ட்பிரஸ் 2025இல் பிகிரிப்டுக்கு மாறியபோது, கடவுச்சொல்லை முதலில் ஷா-384 என்ற வேறொரு ஹாஷ் வழியாகச் சுருக்கிவிட்டுப் பிறகு பிகிரிப்டுக்குக் கொடுத்தது. சுருக்கிய விடையை எழுத்துகளாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். நடுவே ஒரு பூஜ்ய பைட் வந்தால் சில பிகிரிப்ட் நிரல்கள் அங்கேயே நின்றுவிடும்.

‘கொ’ என்ற எழுத்தில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். புதிய மென்பொருள் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து கணக்கிட, பழையது அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால், சரியான கடவுச்சொல்லும் தோற்கும். அதனால் பழைய அடையாளம் உள்ள கணக்குகளில் மட்டும் முதலில் தட்டியதைத் தட்டியபடியே சரிபார்க்க வேண்டும். பொருந்தியபின் ஒரே வடிவத்துக்கு மாற்றிப் புதிய ஹாஷைப் போட வேண்டும்.