சுமை ஏற்றிய சைக்கிள் இறக்கத்தில் ஏன் உதறுகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்டீல் ஃப்ரேம் போட்ட கிரேவல் சைக்கிளில் (மண், சரளைச் சாலையிலும் ஓட்டும் வகை) கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, நான்கு நாள் சாப்பாடு எல்லாவற்றையும் பின் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. நீண்ட இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்துவிட்டது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். சுமை இல்லாமல் அதே இறக்கத்தில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. "ஃப்ரேம் கோணலாகிவிட்டதா?" என்று கேட்கிறார்.

ஃப்ரேம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்செட் பேரிங்கில் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) ஆட்டம் இருக்கிறதா, சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா, ஸ்போக்குகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால், அதற்கு ஷிம்மி என்று பெயர். எந்தப் பாகமும் பழுதாகாமலே வரக்கூடிய அதிர்வு இது. சைக்கிள் இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

முதலில் ஸ்டீல். எஃகின் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், சுமார் 200 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 70. சாதாரண எஃகானாலும் விலை உயர்ந்த க்ரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) ஆனாலும் இந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை கூடும்போது வலிமை கூடுகிறது, விறைப்பு கூடுவதில்லை. வலிமை கூடினால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம்: வெல்டு விழும் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பது போல. எடை குறையும், ஆனால் அந்தக் குழாய் சுலபமாக முறுக்கிக்கொள்ளும். இதை ஈடுகட்ட நல்ல வழி குழாயைப் பருமனாக்குவது. சுவரின் தடிமன் மாறாமல் இருந்தால், முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மேல் குழாய் 28.6 மி.மீ. என்பதற்குப் பதில் 31.8 மி.மீ. இருந்தால் விறைப்பு 37 சதவீதம் கூடிவிடும். வெறும் மூன்று மி.மீ. வித்தியாசம்! சுமைக்கென்றே வடிவமைக்கிற ஃப்ரேம்களில் குழாய்கள் கொஞ்சம் தடியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டீல் ஃப்ரேம் சாலையின் அதிர்வைக் குடித்துவிடும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். முக்கோணமாகக் கட்டிய ஃப்ரேம் மேலும் கீழுமாக வளைவது மிக மிகக் குறைவு. அந்த வேலையை உண்மையில் செய்வது 45 மி.மீ. டயருக்குள் இருக்கும் காற்று. ஃப்ரேம் தாராளமாக விட்டுக்கொடுப்பது பக்கவாட்டில். நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

இப்போது முன் சக்கரத்துக்கு வருவோம். ஹேண்டில்பார் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தச் சாய்ந்த அச்சைத் தரை வரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். அச்சு தரையோடு 71 பாகைக் கோணத்தில் சாய்ந்து, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) சக்கரத்தை 50 மி.மீ. முன்தள்ளி, சக்கரத்தின் ஆரம் 345 மி.மீ. என்றால் டிரெயில் சுமார் 66 மி.மீ. வரும். கடைகளில் சாமான் தள்ளும் டிராலியின் சிறு சக்கரம் தானாகப் பின்னால் திரும்பி நிற்பதும் இதே டிரெயிலால்தான். அதை வேகமாகத் தள்ளினால் அந்தச் சக்கரம் படபடவென அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

சைக்கிளில் நடப்பது அதைவிட அழகானது. ஒரு சின்னக் கல்லில் ஏறியதும் ஹெட் குழாய் (ஃப்ரேமின் முன்முனையில் ஃபோர்க்கைத் தாங்கும் குழாய்) இம்மி அளவு இடப்பக்கம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பின்தங்குவதால் சக்கரம் இடப்பக்கம் திரும்புகிறது. சுழலும் சக்கரம் ஒரு கைரோஸ்கோப்பும்கூட, அதாவது ஒரு பக்கம் சாய்த்தால் வேறு திசையில் திரும்பப் பார்க்கும் சுழலி. இடப்பக்கம் சாயும்போது அதுவும் சக்கரத்தை இடப்பக்கமே திருப்பப் பார்க்கும். ஆனால் அப்படித் திரும்பும் செயலே எதிர்விளைவாக சக்கரத்தை வலப்பக்கம் சாய்க்கிறது. இதற்குள், முறுகிய ஃப்ரேமும் வில் போல ஹெட் குழாயை வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியிருக்கும். ஹெட் குழாய் நடுவுக்கு வரும்போது நிற்காது, வேகத்தில் தாண்டிவிடும். இப்போது சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரமும் ஃப்ரேமும் ஒன்றையொன்று துரத்துகின்றன, நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 10 முறை.

சாதாரணமாக இந்த ஆட்டம் இரண்டு மூன்று சுற்றில் அடங்கிப்போகும். டயர் தரையில் உரசுவதும், நம் கைகளின் சதையும் அதன் ஆற்றலைத் தின்றுவிடும். வேகம் கூடக்கூட இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. டயர் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கும் திறன் குறைகிறது. கைரோஸ்கோப் விளைவு வலுக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் ஆற்றல் வெளியேறுவதைவிட அதிகமாகிவிடும். வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை. சைக்கிள் முன்னோக்கி ஓடும் ஆற்றலிலிருந்தே ஒரு துளி டயர் வழியாக ஆட்டத்துக்குப் போகிறது. அதனால்தான் வழவழப்பான தார்ச் சாலையிலும் இது வரும்.

சுமை இதில் என்ன செய்கிறது? அதிரும் எந்தப் பொருளின் அதிர்வெண்ணும் விறைப்பை நிறையால் வகுத்து எடுத்த வர்க்கமூலத்துக்கு விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். பின் கேரியரின் உச்சியில் பத்துக் கிலோவைக் கட்டினால், மெல்லிய குழாய்களின் ஒரு முனையில் கனமான ஊசல் ஒன்றை மாட்டியதாகிறது. அதிர்வெண் இறங்குகிறது. முன்பு நீங்கள் எட்டாத ஒரு வேகத்தில் காத்திருந்த ஷிம்மி, இப்போது இறக்கத்தில் சாதாரணமாகத் தொடும் வேகத்துக்கே வந்துவிடுகிறது.

இறுக்கிப் பிடித்தால் ஏன் அடங்குவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நொடிக்கு 6 முறை ஆடினால் ஒரு சுற்றுக்கு 0.17 நொடி. மனிதன் உணர்ந்து எதிர்வினை காட்டவே சுமார் 0.2 நொடி ஆகும். நீங்கள் வலப்பக்கம் திருத்தும்போது ஹேண்டில்பார் வேறெங்கோ போயிருக்கும். பிடியைத் தளர்த்துங்கள். முழங்காலை மேல் குழாயின்மேல் அழுத்துங்கள். தொடைச் சதை மிக நல்ல தணிப்பான். சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்கும் என்று நினைப்போம். சைக்கிளின் இயக்கச் சமன்பாடுகளைப் பிரிட்டிஷ் கணிதவியலாளர் விப்பிள் 1899-லேயே எழுதிவிட்டார். அவற்றை முழுமையாகச் சரிபார்த்து, எல்லோரும் ஒப்பிடத்தக்க வடிவில் வெளியிட்டது 2007-ல்தான். நடுவில், 1980களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு பணமில்லாமல் கிடப்பில் கிடந்தது. பிறகு 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கார்னெல் ஆய்வாளர்களும் கைரோஸ்கோப் விளைவை நீக்கி, டிரெயிலையும் இல்லாமல் செய்து ஒரு சைக்கிளைக் கட்டினார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது அது விழாமல் ஓடியது! சக்கரம் சுற்றுவதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உலகம் முழுக்க கோடிக்கணக்கானவர்கள் ஓட்டும் வாகனத்தின் அடிப்படை ஆய்வு காசுக்குக் கையேந்தி நின்றது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

சரி, சுமையை எப்படிக் கட்டுவது? கனமானதெல்லாம் கீழே, உள்ளே. தண்ணீர், சாப்பாடு, கருவிகள் ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் போகட்டும். பின் பைகளைக் குதிகாலில் இடிக்காத அளவுக்கு முன்னால் தள்ளி மாட்டுங்கள். பின்னால் இருப்பதில் ஒரு பங்கை ஃபோர்க்கின் இரு பக்கமும் சமமாகப் பிரித்து, திருப்பும் அச்சை ஒட்டிக் கட்டுங்கள். இரண்டு கிலோவை அந்த அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி வைப்பதற்கும், ஹேண்டில்பாருக்கு முன்னால் 25 செ.மீ. தள்ளித் தொங்கவிடுவதற்கும் நிலைமத் திருப்புத்திறனில் (திருப்பும்போது காட்டும் தயக்கத்தில்) ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். ஹேண்டில்பாரில் தூங்கும் பை போன்ற எடை குறைந்தவை மட்டும் போதும். எந்தப் பையும் தனியாக ஆடக் கூடாது. கேரியரைப் பிடித்து உலுக்கினால் மொத்த சைக்கிளும் சேர்ந்து அசைய வேண்டும்.

டயரிலும் கியரிலும் அதிகம் குழம்ப வேண்டாம். பின் சக்கரத்தில் 60 கிலோ நின்று, காற்றழுத்தம் 3 பார் இருந்தால், டயர் தரையில் பதியும் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர செ.மீ. சுமை கூடும்போது பின் டயருக்குக் கொஞ்சம் காற்று கூட்டுங்கள், அவ்வளவுதான். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 110 கிலோ, ஏற்றம் 8 சதவீதம் என்றால் புவியீர்ப்பு மட்டும் 86 நியூட்டன் பின்னால் இழுக்கும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் சமமாக இருந்து நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால், இந்த இழுப்புக்கு மட்டுமே சுமார் 187 வாட் வேண்டும். நாள் முழுக்க அதைத் தருவது பெரும்பாலானவர்களால் முடியாது. ஆகவே முன்னால் 30 பல் இருந்தால் பின்னால் 40-ஐ ஒட்டி ஒன்று இருக்கட்டும்.

கட்டி முடித்ததும் நேரே மலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத சிறு இறக்கம் ஒன்றில், முழுச் சுமையோடு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். கை ஹேண்டில்பாரை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும், முழங்கால் மேல் குழாய்க்குப் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். உதறல் தலைகாட்டினால் நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு கிலோவை முன் ஃபோர்க்குக்கு மாற்றிவிட்டு மறுபடி அதே இறக்கத்தில் இறங்குங்கள்.