‘குளோத்திங் ஆப்ஷனல்’ கடற்கரைக்குத் தமிழில் என்ன பெயர்?

அண்ணன் மகளும் அவள் வீட்டுக்காரரும் வான்கூவரில் இருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒருநாள் ராத்திரி நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “அத்தை, இங்கே ரெக் பீச்சுன்னு ஒண்ணு இருக்கு. யூனிவர்சிட்டிக்குக் கீழே, நானூறு படிக்கு மேல இறங்கிப் போகணும். ‘குளோத்திங் ஆப்ஷனல்’னு சொல்றாங்க. தமிழ்ல மாத்திப் பார்த்தா ‘நிர்வாணக் கடற்கரை’ன்னு வருது. ரெண்டும் ஒண்ணா? துணியோட போனா விரட்டிடுவாங்களா?”

வேறு அத்தையாக இருந்தால் போனை வைத்திருப்பாள். மயிலாடுதுறையில் பல வருஷம் தமிழ்ப் பாடம் எடுத்தவளிடம் கேட்டுவிட்டாள், அதனால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு யோசித்தேன்.

இரண்டும் ஒன்றில்லை. ‘ஆப்ஷன்’ என்பதற்கு வேர் லத்தீனில் தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் ஒரு வினைச்சொல். பள்ளிக்கூடத்தில் விருப்பப் பாடம் என்கிறோமே, எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, அந்த ‘விருப்பம்’தான் இது. அந்தப் பெயரின் கனம் முழுக்க ஆப்ஷனலில் இருக்கிறது, குளோத்திங்கில் இல்லை. ‘நியூட் பீச்’ என்பது வேறு சொல், அதில் உள்ள லத்தீன் ‘நூடுஸ்’ வெறும் உடம்பைத்தான் சொல்கிறது. நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: அம்மணமானவர்கள் ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன். எல்லோரும் கழற்றியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிற இடத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தும். ஆப்ஷனல் என்று எழுதிய இடத்தில் கோவணம் கட்டியவனும் பைத்தியக்காரன் இல்லை, கட்டாதவனும் இல்லை, ஆறு முழ வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பவனும் இல்லை.

மொழிபெயர்ப்பு இயந்திரம் கோட்டைவிட்டது இதைத்தான்.

நிர்வாணம் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். வடமொழியில் அதற்கு முதற்பொருள் அணைந்துபோதல், விளக்கு ஊதி அணைந்ததுபோல ஆசை அணைந்த நிலை. புத்தர் அடைந்தது அது. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் சூடாமணி விகாரம் கட்டியபோது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தான், 1006 வாக்கில். அந்த விகாரத்தில் இருந்த பிக்குகளிடம் போய் நிர்வாணம் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் முக்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள், துணியைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. எல்லாவற்றையும் துறந்தவன் ஆடையையும் துறந்தான், துறவின் பெயர் ஆடையில்லாமைக்கும் ஒட்டிக்கொண்டது, கடைசியில் தமிழில் முதற்பொருள் பின்னால் போய் உடம்பு முன்னால் வந்துவிட்டது.

அம்மணத்தின் கதையும் இதே மாதிரிதான், இன்னும் கொஞ்சம் கசப்பு சேர்ந்தது. சிரமணர் என்ற வடசொல் பிராகிருதம் வழியாகச் சமணர் ஆகி, முதல் எழுத்தின் மெய் மட்டும் உதிர்ந்து அமணர் ஆயிற்று. (சமயம் அமயம் ஆகவில்லையா, அது மாதிரி.) திகம்பரச் சமண முனிவர்கள் ஆடை உடுத்துவதில்லை, திசைகளே ஆடை என்பதுதான் திகம்பரம் என்ற பெயரின் பொருள். எங்களுக்குப் பக்கத்து ஊரான சீர்காழியில் பிறந்த சம்பந்தர், பதிகத்துக்குப் பதிகம் பெரும்பாலும் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் சாடியிருக்கிறார். அமணம் அம்மணம் ஆனது இப்படி என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வேர்விளக்கம். அதாவது ஒரு சமயத்தாரின் பெயர், அவர்கள் உடம்பைச் சுட்டும் கேலியாக மாறி, இன்றைக்கு மூன்று வயதுப் பையன் குளித்துவிட்டு ஈரத்தோடு வாசலுக்கு ஓடினால் ‘அம்மணக்குண்டி’ என்று கத்துகிறோமே, அங்கே வந்து நிற்கிறது.

சரி, மேல்நாட்டுச் சொற்களும் ஒன்றும் லேசுப்பட்டவை இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர் என்று தெருவுக்கு ஒரு ‘ஜிம்’ இருக்கிறதே, அது கிரேக்கத்தில் ‘கும்னோஸ்’, ஆடையில்லாதவன். அங்கே ஆண்கள் ஆடையில்லாமல்தான் உடற்பயிற்சி செய்தார்கள், அந்த இடம் ஜிம்னாசியம். அலெக்சாந்தரோடு வந்தவர்கள் தட்சசீலத்தில் நம் துறவிகளைப் பார்த்து ‘ஜிம்னோசோபிஸ்ட்’, ஆடையற்ற ஞானிகள், என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் கடலோரப் பலகைகளில் ‘எஃப்.கே.கே.’ என்று பார்க்கலாம், ‘ஃப்ரைகோர்ப்பர்குல்ட்டூர்’ என்பதன் சுருக்கம் அது: கட்டற்ற உடல் பண்பாடு. அது ஆப்ஷனல் இல்லை. பல இடங்களில் துணியோடு போய் அங்கே விரித்து உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள்.

‘நேச்சுரிசம்’ என்பது இன்னொன்று, இயற்கையோடு ஒட்டி ஆடையில்லாமல் இருக்கும் வழக்கம். இந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறவர்களின் உலகக் கூட்டமைப்பு 1953-ல் பிரான்சில் மோந்தாலிவே என்ற இடத்தில் உருவானது. 1974-ல் அவர்கள் வகுத்த வரையறையில் தன்மதிப்பு, பிறர் மீது மதிப்பு, சுற்றுச்சூழல் மீது மதிப்பு ஆகிய மூன்றும் வருகின்றன, காமம் வருவதில்லை. இன்னொரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த இயக்கத்தின் முதல் சங்கம் என்று அறியப்படுவது ஐரோப்பாவில் தொடங்கவில்லை, 1891-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் தாணாவில் தொடங்கியது. தொடங்கியவர் ஓர் ஆங்கிலேய நீதிபதி. உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர்.

நேச்சுரிசக்காரர்கள் துணி உடுத்தியவர்களைக் கூப்பிடும் பெயர்தான் எனக்குப் பிடித்தது: ‘டெக்ஸ்டைல்’. லத்தீனில் நெய்தல். நமக்கு டெக்ஸ்டைல்ஸ் என்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் கும்பகோணத்துக் கடைத்தெருவில் பிதுங்கும் கூட்டம். திருபுவனத்தில் தறி போட்டவர்களிடம், உங்கள் சரக்கை உடுத்திக்கொண்டு போனால் எங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று யாராவது சொல்லிப் பாருங்கள்.

இனி நமக்கு வேண்டிய சொல். நியூட் பீச்சுக்குப் ‘பிறந்தமேனிக் கடற்கரை’ என்பேன். பிறந்த மேனி என்பது பேச்சில் உள்ளது, அதில் ஏச்சும் இல்லை, வேதாந்தமும் இல்லை. குளோத்திங் ஆப்ஷனலுக்கு முதலில் ‘விருப்ப ஆடைக் கடற்கரை’ என்று நினைத்தேன். சொல்லிப் பார்த்தால் அங்கே எல்லோரும் தனக்குப் பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. ‘ஆடை விருப்பக் கடற்கரை’ அதைவிட மோசம், ஆடை மேல் ஆசைப்பட்டவர்களின் கடற்கரை ஆகிவிடும். விருப்பப் பாடம், விருப்ப ஓய்வு எல்லாம் நன்றாக நடக்கிற மொழியில் ஆடை பக்கத்தில் வந்ததும் விருப்பம் இப்படி வழுக்குகிறது. அதனால் மறுபக்கத்திலிருந்து வந்தேன்: ‘ஆடை கட்டாயமில்லாக் கடற்கரை’. கட்டணமில்லாப் பேருந்து என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே புரியும். நடுவில் ‘க்’ போட மறக்காதீர்கள், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பலகையில் எழுதுவதானால் ‘உடுப்பது உங்கள் விருப்பம்’ போதும்.

இந்த மாதிரிக் கடற்கரைகளைப் பற்றி எழுதும்போது வரும் ‘செக்லூடட்’ என்பதை ‘ஒதுக்குப்புறமான’ என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வேண்டாம். வயல்வெளியில் ‘ஒதுங்கப் போயிருக்கான்’ என்றால் சொம்போடு போயிருக்கிறான் என்று அர்த்தம். ‘ஆள் அரவமற்ற’ என்று சொல்லலாம், ‘ஏகாந்தமான’ என்றும் சொல்லலாம், பின்னதில் புதுமணத் தம்பதிக்கான வாசனையும் கொஞ்சம் இருக்கிறது.

சொல் விளங்கிவிட்டால் போகிறவர்கள் செய்ய வேண்டியது பாதி விளங்கிவிடும், அதை அவளிடம் விலாவாரியாகச் சொன்னேன். கட்டாயமில்லை என்பது கடற்கரைக்கு மட்டும் இல்லை, உங்கள் இருவருக்குள்ளும்தான். அவர் கழற்றினால் நீ கழற்ற வேண்டும் என்று இல்லை, நீ சுடிதாரோடு குடைக்கீழ் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். போவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், அங்கே போய் மணலில் நின்று சண்டை போட வேண்டாம். இருவரில் ஒருவருக்குச் சங்கடமானால் கிளம்பிவிட வேண்டும், ஏன் என்று அங்கே விசாரணை கூடாது. நீங்கள் ஏதாவது ஒரு சொல்லைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ‘கேஸ் அணைச்சோமா?’ மாதிரி. ஆள் அரவமில்லை என்பதற்காகப் படுக்கையறை வேலையெல்லாம் அங்கே கூடாது, ஆடையில்லாமல் இருக்கத்தான் அனுமதி, அதற்கில்லை, அப்படி நடந்தால் மற்றவர்களும் முறைப்பார்கள், போலீசும் வரலாம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது, செல்ஃபியில் பின்னால் யார் விழுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. பெரிய துண்டு ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போ, எங்கே உட்கார்ந்தாலும் துண்டைப் போட்டுத்தான் உட்கார வேண்டும், அது அவர்கள் ஊர் ஆசாரம். வெயிலே பார்க்காத இடமெல்லாம் அன்றைக்கு வெயில் பார்க்கும், நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காமல் சன்ஸ்கிரீன் தடவுங்கள். அப்புறம் தண்ணீர் பாட்டில், காலுக்குச் செருப்பு. ஆள் இல்லாத இடத்தில் அலை இழுத்தால் கூப்பிடவும் ஆள் இருக்காது, ஒருவர் நீரில் இருந்தால் இன்னொருவர் கரையில்.

வெறிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவில்லை. படித்துறையில் வளர்ந்தவளுக்கு அது எதற்கு? துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்குக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள், கோமணத்தோடு தாத்தாக்கள், மார்புக்கு மேல் பாவாடையை ஏற்றிக் கட்டிய பாட்டிகள், யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு துண்டுத் துணியாவது இல்லாமல் நாம் இறங்குவதில்லை. பழைய நீதிநூலான ஆசாரக்கோவையே ‘உடுத்தலால் நீராடார்’ என்று சொல்லிவிட்டது. வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பிள்ளைகள், துணி உடுத்தியிருப்பதால் குளிக்கமாட்டார்கள் என்று தலைகீழாக எழுதுவார்கள். அது உடுத்து அலால், உடுத்தாமல் நீராடமாட்டார் என்று பொருள். ஓர் அசை பிரிப்பதில் மொத்தக் கடற்கரையும் மாறிவிடுகிறது பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பூம்புகாரிலோ கோடியக்கரையிலோ முயற்சி செய்யலாமா என்று கேட்டால், கூடாது. இந்தியாவில் சட்டப்படி இப்படி அனுமதித்த கடற்கரை எதுவும் இல்லை. பொது இடத்தில் பிறர் சங்கடப்படும்படி ஆபாசமாக நடந்துகொண்டால் பாரதிய நியாய சம்ஹிதையின் 296-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே அந்த மணல் வலை உலர்த்துகிறவர்களின் வேலையிடம் வேறு. வெளிநாட்டிலும் ஊருக்கு ஊர் சட்டம் மாறும், ஒரு கடற்கரையில் ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி இருக்கும், பலகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் துண்டு விரிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். போய்விட்டு வந்தார்களாம். மாப்பிள்ளை அரைமணி நேரம் யோசித்துவிட்டுக் கடலுக்குள் போனாராம், இவள் குர்தாவோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டாளாம், யாரும் எதுவும் கேட்கவில்லையாம். “வேற ஒண்ணும் இல்லை அத்தை, திரும்ப அந்த நானூறு படி ஏறினதுலதான் முட்டி போச்சு” என்றாள். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றேன்.